நீ சொல், நான் செய்கிறேன்

தொழிற்கல்லூரியில் பாடம் எடுக்க வருகிறவர்களில் பலர் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வருவதில்லை. வெல்டராகவோ, மெக்கானிக்காகவோ, நர்ஸாகவோ பல வருடம் வேலை பார்த்து, கை பழகிய பிறகு வருகிறார்கள். நானும் அப்படித்தான். மோட்டார் கன்ட்ரோல் பேனல்களுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவள், இப்போது அதையே சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் துறையில் இந்தப் பருவத்தில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். இருவருமே வேலையில் கெட்டிக்காரர்கள். "கிளாஸ்ல எதை முக்கியமா பார்த்துக்கணும் மேடம்?" என்று கேட்டார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் இந்தப் பதிவு. உதாரணங்கள் எல்லாம் என் தொழிலிலிருந்துதான் வரும். மற்றவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், வேலை நன்றாகத் தெரிந்திருப்பதே சொல்லிக்கொடுக்கும்போது குறுக்கே வந்து நிற்கும். 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை ஒருவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டு, அதை மேஜையில் விரலால் தட்டிக் காட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்றுதான். தட்டுகிறவருடைய தலைக்குள் பாட்டு மெட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது வெறும் தட்டல் சத்தம்.

பட்டறையிலும் தினமும் இதுதான் நடக்கிறது. "ஸ்க்ரூவை நல்லா டைட் பண்ணு" என்று சொல்கிறோம். சொல்கிறவருக்கு அந்த 'நல்லா' எவ்வளவு என்று மணிக்கட்டில் தெரியும். மாணவருக்கு அது எங்கே தெரியும்? ஒருவர் பாதியில் விட்டுவிடுகிறார், இன்னொருவர் திருகித் திருகி ஸ்க்ரூவின் தலையையே சிதைத்துவிடுகிறார். இரண்டு பேருமே நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஒரு வயரை டெர்மினலில் மாட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழகிய கைக்குச் சில நொடி வேலை. அந்தச் சில நொடிக்குள் எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஸ்ட்ரிப்பரில் எந்தப் பள்ளத்தில் வயரை வைப்பது? பள்ளம் சின்னதாக இருந்தால் உள்ளே இரண்டு மூன்று செம்பு இழைகள் வெட்டுப்பட்டுவிடும், பெரிதாக இருந்தால் இன்சுலேஷன் பிய்ந்து வரும். எவ்வளவு நீளம் உரிப்பது? டெர்மினலின் ஆழத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அதிகமானால் செம்பு வெளியே தெரியும், குறைந்தால் ஸ்க்ரூ செம்பைப் பிடிக்காமல் இன்சுலேஷனைப் பிடிக்கும். அது ரொம்ப மோசமான தப்பு, ஏனென்றால் வெளியே பார்த்தால் அழகாக இருக்கும். பல இழை வயராக இருந்தால் முனையில் ஃபெரூல் என்ற சின்ன உலோக உறையைப் போட்டு, அதை நசுக்கிப் பிடிக்கவைக்க (கிரிம்ப் செய்ய) வேண்டும். டெர்மினலுக்கான டார்க் அளவை, அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை, தயாரிப்பாளர் கொடுத்திருப்பார், டார்க் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் அந்த அளவுக்கு வைத்துத் திருகலாம். கடைசியாக வயரைப் பிடித்து ஒரு இழு. வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஏன் இவ்வளவு பாடு என்றால், தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும். மின்தடை கூடிய இடம் சூடாகும். சூடு ஏற ஏற இணைப்பு இன்னும் கெடும். பேனல் கருகுவதற்கு ஒரே ஒரு ஸ்க்ரூ போதும்.

இதையெல்லாம் நாம் வாயால் சொல்வதில்லை, சொல்லத் தோன்றுவதும் இல்லை. அதனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது: பாடம் எடுக்கப்போகும் வேலையை ஒருமுறை தனியாகச் செய்யுங்கள். செய்யும்போதே வாய்விட்டுப் பேசுங்கள், அதை போனில் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தத் துறையே தெரியாத ஒருவரிடம், அலுவலகத்தில் இருக்கிற யாரிடமாவது, அதைப் போட்டுக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்தி "இது எதுக்கு?" என்று கேட்கிறாரோ, பாடம் அங்கே இருக்கிறது.

தொழில் கற்பிப்பதற்கு ஒரு முறை வேண்டும் என்று யோசித்தவர்கள் ரொம்ப நாளாகவே இருக்கிறார்கள். முதல் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆட்களைப் பழக்க வேண்டியிருந்தபோது, சார்ல்ஸ் ஆலன் என்பவர் நான்கு படிகளாக ஒரு முறையை வகுத்தார்: மாணவரைத் தயார் செய்வது, பாடத்தைக் காட்டுவது, செய்யவைப்பது, சோதித்துப் பார்ப்பது. 1919-ல் அது புத்தகமாகவும் வந்தது. 1940 முதல் 1945 வரை அமெரிக்க அரசு தொழிற்சாலைகளுக்காக நடத்திய பயிற்சித் திட்டமும் இந்த நான்கு படிகளை எடுத்துக்கொண்டு கூர்தீட்டியது. வேலையாள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பதுதான் அந்தத் திட்டத்தின் கோஷம். கடுமையான பேச்சுதான். ஆனாலும் ஒரு வகுப்பு சரியாகப் போகாத நாளில், யாரைக் குறை சொல்வது என்பதைவிட எதை மாற்றுவது என்று யோசிக்க அது உதவுகிறது.

எனக்கு அதிகம் பயன்பட்டது இதற்கெல்லாம் பிறகு வந்த ஒன்று. ரோட்னி பெய்ட்டன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1998-ல் மருத்துவப் பயிற்சிக்காக எழுதிய முறை அது. அதிலும் நான்கு படிகள். முதலில் ஆசிரியர் வேலையை அதன் இயல்பான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுவார். இரண்டாவது முறை நிதானமாக, ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவது முறையும் ஆசிரியர்தான் செய்வார், ஆனால் மாணவர் சொல்லச் சொல்லச் செய்வார். நான்காவதில்தான் மாணவர் தானே சொல்லி, தானே செய்வார்.

அந்த மூன்றாவது படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காட்டினோம், இனி செய் என்று கருவியைக் கொடுத்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் வகுப்பின் உயிரே அந்த மூன்றாவது படிதான்.

போன பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மோட்டாரை நேரடியாக ஓட்டும் டிஓஎல் ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் சர்க்யூட். அதில் கான்டாக்டர் என்பது, காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இழுத்து மூடி மோட்டாருக்கு சப்ளை கொடுக்கும் சுவிட்ச். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் துண்டிப்பது ஓவர்லோட் ரிலே. பயிற்சி மேஜையில் 24 வோல்ட்தான், பயமில்லாமல் தப்பு செய்யலாம். ஒரு மாணவரை அழைத்து, "நீ சொல், நான் செய்கிறேன்" என்றேன். சொன்னதை மட்டும்தான் செய்வேன், மனதில் நினைத்ததைச் செய்யமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். சப்ளையிலிருந்து ஓவர்லோட் ரிலேயின் மூடிய கான்டாக்ட்டுக்கு, அங்கிருந்து ஸ்டாப் பட்டனுக்கு, அங்கிருந்து ஸ்டார்ட் பட்டனுக்கு, அங்கிருந்து கான்டாக்டர் காயிலின் ஒரு முனையான ஏ1-க்கு, மறுமுனையான ஏ2-விலிருந்து திரும்ப சப்ளைக்கு. "அவ்ளோதான் மேடம்."

ஸ்டார்ட்டை அழுத்தினேன். 'டக்' என்று கான்டாக்டர் இழுத்தது. அவர் முகத்தில் சந்தோஷம். பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். கான்டாக்டர் விழுந்துவிட்டது, அதாவது திறந்துகொண்டது. மறுபடி அழுத்தினேன், இழுத்தது. விட்டேன், விழுந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மோட்டார் ஓடுற வரைக்கும் ஒரு ஆள் பட்டனை அழுத்திக்கிட்டே நிக்கணுமா?" என்றார். அப்புறம்தான் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். விரல் செய்கிற வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும். கான்டாக்டர் இழுக்கும்போது அதோடு சேர்ந்து மூடுகிற ஒரு கான்டாக்ட் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலாகக் கொடுத்தால்? கொடுத்தேன். அழுத்தி விட்டேன். கான்டாக்டர் விழாமல் பிடித்தபடியே நின்றது. ஸ்டாப்பை அழுத்தினால் விழுந்தது.

ஹோல்டிங் கான்டாக்ட் என்ற பெயரை அதற்குப் பிறகுதான் போர்டில் எழுதினேன். முந்தைய வாரமே விளக்கியிருந்த பாடம்தான், எல்லோரும் தலையாட்டியதும்தான். சொல்லும் பொறுப்பு மாணவரிடம் போனபோதுதான் எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்பது எனக்கும் தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்தது.

அடுத்தது கை. மாணவர் திணறும்போது நம் கை தானாகவே ஸ்க்ரூடிரைவரை நோக்கிப் போகும். "கொடு இங்கே, காட்டுறேன்" என்போம். உதவி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த நிமிடம் வரை அவர் தலைக்குள் நடந்துகொண்டிருந்த வேலை அதோடு நின்றுவிடும். பட்டறையில் சுற்றி வரும்போது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். ஆபத்து என்றால் அந்த நொடியே நிறுத்துவேன், அதில் யோசனைக்கே இடமில்லை. மற்றபடி கேள்விதான் கேட்பேன். அதிலும் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்: "மீட்டரை வைக்கப்போறியா? சரி, எவ்வளவு காட்டும்னு நினைக்கிற?"

பழுது கண்டுபிடிக்கும் பயிற்சியில் இது ரொம்ப முக்கியம். வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்துப் பேனலைக் கொடுப்பேன். ஓவர்லோட் ட்ரிப் ஆகியிருக்கும், இல்லையென்றால் ஒரு வயர் இன்சுலேஷனுக்குள்ளேயே அறுந்திருக்கும். புதியவர்கள் உடனே மல்டிமீட்டரை எடுத்துக் கண்ட இடத்தில் எல்லாம் வைப்பார்கள். திரையில் ஏதோ எண் வரும். அது சரியா தப்பா என்று தெரியாது, ஏனென்றால் என்ன வர வேண்டும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. கடைசியில் "காயில் போச்சு மேடம், கான்டாக்டரை மாத்திடலாம்" என்பார்கள். வைக்கும் முன் எண்ணைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி போதும், எல்லாம் மாறிவிடும். "இங்கே 24 வரணும்" என்று சொல்லிவிட்டு வைக்கிறார், 0 வருகிறது. இப்போது அந்த 0 பேசுகிறது. பழுது இதற்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது. அடுத்து எங்கே வைப்பது என்று அவரே பார்ப்பார். சர்க்யூட்டின் நடுவில் வைத்தால் ஒரே அளவீட்டில் பாதி சர்க்யூட்டை ஒதுக்கிவிடலாம் என்பதையும் சில தடவைக்குள் பிடித்துக்கொள்வார்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பாடம் எடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது. அது தினமும் நம் கையில் தெரிய வேண்டும். சப்ளை இல்லை என்று உறுதி செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சப்ளையைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை மாட்ட வேண்டும். அப்புறம் மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு இடத்தில் டெஸ்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் சோதிக்க வேண்டும். பிறகு மறுபடி அந்த நிச்சயமான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவிலேயே டெஸ்டர் கெட்டுப்போயிருந்தால்? அந்த மூன்றாவது சோதனை அதற்காகத்தான். 24 வோல்ட் மேஜையிலும் இதே வரிசைதான். இங்கே இது தேவையே இல்லை என்று சில மாணவர்கள் சொல்வார்கள். தேவை இல்லாத இடத்தில் பழகினால்தான் தேவையான இடத்தில் கை தானாகச் செய்யும். அதோடு, நாம் சொல்வதை அவர்கள் எவ்வளவு கேட்கிறார்களோ தெரியாது, நாம் செய்வதை நிச்சயம் பார்க்கிறார்கள். கண்ணாடி போடாமல் ஒரே ஒரு துளை போட்டுக் காட்டினால் போதும், அன்று பாதி வகுப்பு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடும்.

மறதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்கல்லூரிக்கு வருகிறவர்களில் பலருக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து படிப்பார்கள் என்று நம்பிப் பாடத்தை அமைத்தால் நடக்காது. வகுப்புக்குள்ளேயே மனதில் பதியவைக்க வேண்டும். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் என்று இரண்டு தரப்பு. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

அதனால் என் வகுப்பு ஒரு வெற்றுத்தாளோடுதான் ஆரம்பிக்கும். போன வாரச் சர்க்யூட்டைப் பார்க்காமல் வரைய வேண்டும். மதிப்பெண் கிடையாது, நான் வாங்கிக்கொள்வதும் இல்லை. வரைந்து முடித்ததும் நோட்டைத் திறந்து, வேறு நிறப் பேனாவால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். எதை விட்டோம் என்று கண்ணால் பார்ப்பதுதான் பாடம். மதிப்பெண் போட ஆரம்பித்தால் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தொடங்குவார்கள், எல்லாம் வீணாகிவிடும்.

பயிற்சிகளைக் கலந்து கொடுப்பதும் இதே மாதிரிதான். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்யவைத்தால் அன்று மாலைக்குள் எல்லோரும் அழகாகச் செய்வார்கள், நமக்கும் திருப்தியாக இருக்கும். 1979-ல் ஷே, மோர்கன் என்ற இருவர் கை அசைவுகளை வைத்துச் செய்த ஆய்வில், வேலைகளை மாற்றி மாற்றிப் பழகியவர்கள் பயிற்சியின்போது மெதுவாகத்தான் இருந்தார்கள். ஆனால் சில நாள் கழித்துச் செய்யச் சொன்னபோது அவர்களே மேலாகச் செய்தார்கள். நான் டிஓஎல், ஃபார்வர்ட்-ரிவர்ஸ் (மோட்டாரை இரு திசையிலும் ஓட்டுவது), ஸ்டார்-டெல்டா (வைண்டிங்குகளை முதலில் ஸ்டாராக இணைத்துக் குறைந்த வோல்ட்டில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது) மூன்றையும் தனித்தனியாக அறிமுகம் செய்துவிட்டு, பிறகு கலந்தே கொடுக்கிறேன். மாணவர்கள் முனகுவார்கள். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று அவர்களிடமே சொல்லிவிடுவேன். பெரியவர்களிடம் காரணத்தைச் சொன்னால் போதும், கஷ்டத்தைத் தாங்கிக்கொள்வார்கள்.

கணக்கு வராது என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. கணக்கைத் தனி வகுப்பாக எடுத்தால் அந்தப் பயம் கூடத்தான் செய்யும். ஸ்டார்-டெல்டாவில் √3 எங்கிருந்து வருகிறது என்று போர்டில் எழுதுவதற்கு முன்னால் மோட்டாரை ஓட்டுவேன். 400 வோல்ட் சப்ளையில் ஸ்டாரில் இருக்கும்போது ஒரு வைண்டிங்குக்குக் கிடைப்பது ஏறக்குறைய 231 வோல்ட். அளப்பது நான், எண்ணை எழுதிக்கொள்வது அவர்கள். 400-ஐ 231-ஆல் வகுத்துப் பாருங்கள் என்பேன். 1.73 வரும். அந்த எண்ணை அவர்களே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். லைனிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் டெல்டாவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகிறது, ஆனால் மோட்டாரின் சுழற்று விசையான டார்க்கும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் பெரிய சுமையோடு கிளம்ப வேண்டிய மோட்டாருக்கு இது ஒத்துவராது என்று சொல்லும்போது, வேறெந்த நேரத்தையும்விடக் கவனமாகக் கேட்கிறார்கள்.

வயதில் மூத்த மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறு தொழிலில் இருந்துவிட்டு, அது போய், புதிதாகக் கற்க வருகிறவர்கள். அவர்களை நான் 'நீங்க' என்றுதான் அழைப்பேன். சின்னப் பையன்கள் முன்னால் தப்பு செய்துவிடுவோமோ என்ற கூச்சம் அவர்களுக்கு அதிகம். அப்படி ஒருவர் என் வகுப்பில் பல வாரம் கேள்வியே கேட்காமல் இருந்தார். முன்பு கிடங்கில் பொறுப்பாளராக இருந்தவர். எல்லா வயருக்கும் எண் பட்டை ஒட்டி, பட்டியல் போடும் வேலை வந்தபோது, மற்றவர்கள் திணறினார்கள், அவர் அமைதியாக ஒரு அட்டவணை போட்டு முடித்துவிட்டார். "இதை எல்லாருக்கும் காட்டுங்க அண்ணா" என்று ஒரு பையன் கேட்டான். அவர் எழுந்து போய் போர்டில் வரைந்து காட்டினார். அன்றைக்குப் பிறகு கேள்விகளும் வந்தன. ஒவ்வொரு மூத்த மாணவரிடமும் முன்வாழ்க்கையில் கற்ற ஏதோ ஒன்று இருக்கும். பருவத்தின் தொடக்கத்திலேயே அதைக் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு பற்றிச் சுருக்கமாக. மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990-ல் சொன்ன நான்கு நிலைகள் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்ட முடியும், வேலையில் நிஜமாகவே செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. எதைப் பார்த்து மதிப்பெண் போடுவேன் என்ற பட்டியலை வேலை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு நல்ல பேனல், ஒரு மோசமான பேனல் இரண்டையும் மேஜையில் வைத்து, மாணவர்களையே அந்தப் பட்டியல்படி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். திருத்தம் சொல்லும்போது ஒரு தடவைக்கு ஒன்று போதும். ஏழு குறையை அடுக்கினால் ஒன்றும் மண்டையில் ஏறாது.

கடைசியாக, படித்து முடித்து வேலைக்குப் போனவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி: வேலையில் சேர்ந்ததும் எது தெரியாமல் முழித்தாய்? வயரிங் தெரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு பதில்கள் மறுபடி மறுபடி வருகின்றன. ஒன்று, பழுதைச் சரிசெய்த பிறகு என்ன ஆனது என்று மேற்பார்வையாளரிடம் தெளிவாகச் சொல்ல வரவில்லை. அதற்காக இப்போது ஒவ்வொரு பழுதுப் பயிற்சியும் நின்று பேசுவதில்தான் முடிகிறது: என்ன அறிகுறி, என்ன காரணம், என்ன செய்தேன், மறுபடி வராமலிருக்க என்ன பார்க்க வேண்டும். நான்கு வாக்கியம். முதல் வாரங்களில் உளறுவார்கள். பருவம் முடிவதற்குள் தெளிவாகப் பேசுகிறார்கள்.

இன்னொன்று, வேறு யாரோ எப்போதோ செய்த வயரிங். வரைபடம் இருக்காது, வயர்களில் எண் இருக்காது, எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். கல்லூரியில் நாம் கொடுப்பதெல்லாம் சுத்தமான பலகையும் புது வயரும்தான். புதிய ஆசிரியர்கள் இரண்டு பேரும் வந்திருப்பதால் இந்தப் பருவத்தில் அதற்கு ஒரு வழி செய்யப்போகிறோம். முந்தைய மாணவர்கள் செய்து வைத்த பழைய பேனல்களைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். எண் பட்டைகளை எல்லாம் உரித்துவிட்டு, வரைபடம் இல்லாமல் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கப்போகிறோம். சப்ளை இல்லாத நிலையில் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு வயரையும் தேடிப் பிடித்து, சர்க்யூட்டை அவர்களே வரைய வேண்டும். வரைந்த தாளை அடுத்த குழுவிடம் கொடுத்து, அதை மட்டும் பார்த்து அந்தப் பேனலில் நாங்கள் வைக்கும் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லப்போகிறோம். எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்பதில்தான் எங்கள் மூவருக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.